டிபிஎஸ் அட்டையில் வேலை பார்த்தால் எச்-4 போய்விடுமா?

2 பிப்ரவரி 2025 (வாசகர் கேள்வி)

நான் அமெரிக்காவில் எச்-1பி (வேலை விசா). மனைவி உக்ரைன் பாஸ்போர்ட், எச்-4 (எச்-1பிகாரரின் குடும்பத்துக்கான விசா). இருவருக்கும் ஐ-94 (தங்கும் கெடுவைக் குறிக்கும் பதிவு) செப்டம்பர் 30, 2025 வரை. எனக்கு ஐ-140 (கம்பெனி போடும் கிரீன் கார்டு மனு) இன்னும் போடவில்லை, அதனால் எச்-4 ஈஏடிக்கு (வேலை அனுமதி அட்டை) வழியில்லை. அவளுக்கு டிபிஎஸ் (போர், பேரிடர் நடந்த நாட்டுக்காரர்களுக்கு அமெரிக்கா தரும் தற்காலிகப் பாதுகாப்பு) கிடைத்து, அதற்கான ஏ12 பிரிவு வேலை அட்டை கையில் இருக்கிறது; அட்டையில் 19-4-2025 என்று போட்டிருக்கிறது. இப்போது ஒரு வேலை வந்திருக்கிறது. "டிபிஎஸ் அட்டையில் ஒரு நாள் வேலை பார்த்தாலும் எச்-4 காலி" என்கிறார் நண்பர். நிஜமா?

2 பிப்ரவரி, மாலை

காலி ஆகாது. உங்கள் நண்பர் எச்-1பி கதையை எச்-4க்கு ஒட்டுகிறார். எச்-1பி என்பதே இன்ன முதலாளியிடம் இன்ன வேலை என்ற கட்டு. எச்-1பிகாரர் ஏ12 அட்டையை வைத்து வேறு கம்பெனிக்குத் தாவினால் அந்தக் கட்டு அறுந்துவிடும். எச்-4 நிற்பது திருமணத்திலும் உங்கள் எச்-1பியிலும். அவர் வேலை பார்ப்பதால் இரண்டில் எது உடைகிறது?

விரிவாக நாளைக்கு.

4 பிப்ரவரி

நாளை என்றது நாளை மறுநாள் ஆகிவிட்டது.

முதலில் சட்டம். ஐஎன்ஏ (அமெரிக்கக் குடியேற்றச் சட்டம்) 244(ஏ)(5): டிபிஎஸ் வாங்குகிறவர் தன்னிடம் ஏற்கெனவே உள்ள விசா நிலையைத் துறக்க வேண்டியதில்லை, டிபிஎஸ்ஸும் தற்காலிக விசா நிலையும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. ஆகவே ஒருவர் ஒரே நேரத்தில் எச்-4 ஆகவும் டிபிஎஸ் ஆகவும் இருக்கலாம். எந்தத் தொப்பியையும் கழற்ற வேண்டாம்.

வேலை உரிமை 244(ஏ)(1)இல் இருக்கிறது. டிபிஎஸ் கொடுத்தால் வேலை அனுமதியும் கொடுத்தே ஆக வேண்டும். இது அதிகாரி மனம் இரங்கிக் கொடுக்கும் சலுகை இல்லை.

இனி விதிகள். 8 சிஎஃப்ஆர் (மத்திய அரசின் விதித்தொகுப்பு) 214.1(இ) என்ன சொல்கிறது என்றால், விசா வகையே வேலைக்கு இடம் தர வேண்டும், அல்லது இந்த விதித்தொகுப்பின்படி அனுமதி பெற்றிருக்க வேண்டும்; இரண்டும் இல்லாத வேலைதான் நிலை மீறல். ஏ12 அதே தொகுப்பின் 274ஏ.12இல் உட்கார்ந்திருக்கிறது. "அல்லது" என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் தொங்குகிறது.

எதிர்வாதமும் இருக்கிறது, மறைக்க வேண்டாம். 214.2(எச்)(9)இல், ஐ-140 ஒப்புதல் போன்ற நிபந்தனை நிறைவேறாத எச்-4 துணைவர் வேலை ஏற்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. 2015 மே 26 முதல் நடப்பில் உள்ள விதி இது. எச்-4 துணைவருக்கான சி26 வேலை அட்டை பிறந்தது இதில்தான். கண்டிப்பான அதிகாரி இந்த ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொள்ளலாம். என் வாசிப்பில் அந்த வரிக்குப் பொருள் "எச்-4 என்பதனாலேயே வேலை உரிமை வராது" என்பதுதான். வேறு வழியில் வந்த உரிமையை அது பறிக்கவில்லை. ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்) நிலுவையில் இருக்க, அதற்கான சி09 அட்டையில் வேலை பார்க்கும் எச்-4கள் எத்தனையோ பேர். அதனால் எச்-4 போனதாக யாரும் சொல்வதில்லை. தர்க்கம் அதேதான்.

மேலுக்கு ஒரு குடையும் உண்டு: 244(எஃப்)(4). டிபிஎஸ் நடப்பில் இருக்கும் காலம் முழுதும் அவர் சட்டப்படியான தற்காலிக விசா நிலையில் இருப்பவராகவே கருதப்படுவார். அதனால் எச்-4 நீட்டிப்பில் வம்பு வந்தாலும் இது காக்கும்.

5 பிப்ரவரி

எச்ஆரிடம் என்ன காட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். அட்டை ஏப்ரல் 19இல் முடிகிறது, ஆனால் ஜனவரி 17 அன்று வந்த ஃபெடரல் ரெஜிஸ்டர் (அமெரிக்க அரசிதழ்) அறிவிப்பு உக்ரைன் டிபிஎஸ்ஸை 2026 அக்டோபர் 19 வரை நீட்டி, அட்டைகளைத் தானாகவே 2026 ஏப்ரல் 19 வரை செல்லும்படி ஆக்கிவிட்டது. இரண்டு தேதியையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்: டிபிஎஸ் அக்டோபர் வரை, அட்டை ஏப்ரல் வரை.

ஐ-9 படிவம், அதாவது வேலை அனுமதி இருக்கிறதா என்று கம்பெனி சரிபார்க்கும் தாள். முதல் பகுதி வேலையில் சேரும் நாளுக்குள். நான்கு கட்டங்களில் கடைசிக் கட்டம், அதாவது இன்ன தேதி வரை வேலை அனுமதி உள்ள வெளிநாட்டவர் என்பது. தேதி இடத்தில் நீட்டித்த தேதியை, 4/19/2026 என்று எழுத வேண்டும். அட்டையில் இருக்கிற பழைய தேதியை எழுதுவதுதான் வழக்கமான பிசகு; அப்படி எழுதினால் இரண்டே மாதத்தில் எச்ஆர் திரும்பி வரும்.

இரண்டாம் பகுதி கம்பெனி வேலை, சேர்ந்து மூன்று பணி நாட்களுக்குள். ஈஏடி ஏ பட்டியல் (அடையாளத்தையும் வேலை அனுமதியையும் சேர்த்துக் காட்டும்) ஆவணம். அது ஒன்றே போதும். கூடுதல் தகவல் கட்டத்தில் "ஈஏடி எக்ஸ்ட்" என்பதோடு நீட்டித்த தேதியைக் குறிக்க வேண்டும். பெரும்பாலான எச்ஆர் ஆட்களுக்கு இந்த வரி தெரியாது. அறிவிப்பை அச்செடுத்து, அட்டை வகையும் தேதியும் வரும் பத்தியை மஞ்சள் அடித்துக் கையோடு கொண்டு போகச் சொல்லுங்கள்.

கேட்கக் கூடாதவை: டிபிஎஸ் ஒப்புதல் கடிதம், எச்-4 தாள், "ஏன் உங்கள் விசாவில் வேலைக்கு அனுமதி இல்லை என்று இருக்கிறது?" என்ற விசாரணை. ஐ-9க்கு எந்த ஆவணம் காட்டுவது என்பது ஊழியர் முடிவு. மேற்கொண்டு கேட்டால் நீதித் துறையின் ஐஇஆர் (குடியேறியோர், ஊழியர் உரிமை) பிரிவுக்குப் புகார் போடலாம். ஆனால் முதல் வாரமே புகாரோடு வேலை தொடங்க யாருக்கும் ஆசை இருக்காது. மஞ்சள் அடித்த தாளே முக்கால்வாசிப் பேரை அடக்கிவிடும்.

9 பிப்ரவரி

நாலாம் தேதி எழுதியதில் ஓட்டை. கடைசிப் பத்தியைத் திருத்தி வாசியுங்கள்.

244(எஃப்)(4) பேசுவது இரண்டைப் பற்றி மட்டும்: 245இன் கீழ் கிரீன் கார்டுக்கு மாறுவது, 248இன் கீழ் ஒரு விசா வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது. ஒரே வகையை நீட்டிப்பது அந்த இரண்டிலும் வராது. அதற்கு விதி வேறு, 214.1(சி). ஆகவே "நீட்டிப்பில் வம்பு வந்தாலும் குடை காக்கும்" என்றது தவறு. நீட்டிப்பைக் காப்பது 214.1(இ)இல் உள்ள அந்த "அல்லது"தான்.

நடைமுறையில் இதற்கு அர்த்தம்: யாராவது அதிகாரி எச்-4 நீட்டிப்பை மறுத்துவிட்டால், டிபிஎஸ் உயிரோடு இருக்கும்வரை எச்-4க்கு மாற்றம் கேட்டுப் புதிதாக விண்ணப்பிக்க இந்தக் குடை உதவும். மழை நின்றபின் துவட்டிக்கொள்ளும் துண்டு என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. இந்தக் குடை டிபிஎஸ் கிடைத்தவர்களுக்குத்தான். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது வரும் சி19 அட்டையிலும் வேலை செய்யலாம், அது அனுமதியுள்ள வேலையே. ஆனால் (எஃப்)(4) பாதுகாப்பு ஒப்புதலுக்குப் பிறகே தொடங்கும். அட்டையில் ஏ12ஆ சி19ஆ என்று ஒருமுறை உற்றுப் பாருங்கள். பலர் இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

10 பிப்ரவரி

தனிமடலில் மூன்று பேர் ஒரே கேள்வி: இலங்கைக்கு டிபிஎஸ் உண்டா? இல்லை. இந்தியாவுக்கும் இல்லை. பேசும் மொழியோ பிறந்த ஊரோ கணக்கில்லை. பட்டியலில் உள்ள நாட்டின் குடியுரிமை வேண்டும், அல்லது எந்நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவர் கடைசியாக அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். உக்ரைன்காரரைக் கட்டிய சேலத்துக்காரருக்கு டிபிஎஸ் வராது, அந்த உக்ரைன்காரருக்கு மட்டும்தான்.

1 மார்ச்

உக்ரைன் டிபிஎஸ் மறுபதிவுக்கு மார்ச் 18 கடைசி நாள், மறக்க வேண்டாம். "அட்டைதான் தானாக நீண்டுவிட்டதே" என்று மறுபதிவு போடாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அட்டை நீண்டது தற்காலிக ஏற்பாடு. ஐ-821 படிவத்தில் மறுபதிவு போடாவிட்டால் அரசு டிபிஎஸ்ஸையே பறித்துவிடலாம். அடி மரம் போனபின் கிளைக்கு என்ன ஆயுள்?

மறுபதிவுக்கு ஐ-821 கட்டணம் இல்லை, பயோமெட்ரிக்ஸ் 30 டாலர். புதிய அட்டை வேண்டுமானால் ஐ-765 விண்ணப்பம், ஆன்லைனில் 470, தாளில் 520. அட்டை கட்டாயமில்லை, ஆனால் போட்டுவிடுவது நல்லது. ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கும் அலுவலகத்தில் ஃபெடரல் ரெஜிஸ்டர் பற்றிப் பாடம் எடுப்பதைவிட 470 டாலர் மலிவு.

ஐ-765இல் எச்-4 குடும்பங்கள் வழுக்கும் இடம் தகுதிப் பிரிவு. பழக்க தோஷத்தில் சி26 என்று போட்டு, கணவரின் ஐ-797 (விசா ஒப்புதல் தாள்), பேஸ்லிப், திருமணச் சான்று என்று ஒரு கட்டு இணைத்து அனுப்புவார்கள். இது கணவரைச் சார்ந்த விண்ணப்பமே இல்லை. பிரிவு ஏ12, இணைப்பு டிபிஎஸ் ஒப்புதல், பாஸ்போர்ட், பழைய அட்டை. "தற்போதைய நிலை" என்ற இடத்தில் எச்-4, டிபிஎஸ் இரண்டையும் எழுதலாம், அதுதான் உண்மை.

3 மார்ச்

டிபிஎஸ் இன்னும் போடாத எச்-4களுக்கு ஒரு வரி, யாரும் சொல்வதில்லை என்பதால். முதல் பதிவுக் காலத்தைத் தவறவிட்டிருந்தாலும், அந்தக் காலத்தில் நீங்கள் சட்டப்படியான தற்காலிக விசாவில் இருந்திருந்தால் நீட்டிப்புக் காலத்தில் தாமதப் பதிவு செய்யலாம்: 8 சிஎஃப்ஆர் 244.2(எஃப்)(2). எச்-4 முடிந்த 60 நாளுக்குள் போட வேண்டும். தாமதத்துக்குத்தான் மன்னிப்பு, வந்து சேர்ந்த தேதிக்கு இல்லை. உக்ரைனுக்கு 2023 ஆகஸ்ட் 16 முதல் தொடர்ந்து இங்கே வசித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு விசா அடித்து வந்தவருக்குக் கதவு கிடையாது.

20 ஏப்ரல்

சம்பளப் பட்டியல். எச்-4இல் சும்மா இருந்தவரை ஐடிஐஎன்னில் (வரிக்கு மட்டுமான எண்) வரிக் கணக்கு போட்டிருப்பீர்கள். இனி எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி எண்) வேண்டும். ஐ-765இலேயே எஸ்எஸ்என் கேட்கும் கட்டத்தை டிக் செய்தால் ஈஏடி வந்த இரண்டு வாரத்தில் அதுவும் தபாலில் வரும். செய்யாதவர் எஸ்எஸ்-5 படிவத்தோடு சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் போக வேண்டும். எண் வந்ததும் ஐடிஐஎன்னைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு, இரண்டு எண்ணையும் குறித்து, அட்டை நகலோடு வரித் துறையான ஐஆர்எஸ்ஸுக்கு ஒரு கடிதம் போடுங்கள். போடாவிட்டால் முந்தைய ஆண்டுகளின் கணக்கு வேறொரு ஆளுடையது போல அநாதையாகக் கிடக்கும்.

எஸ்எஸ்என் அட்டையில் "டிஎச்எஸ் (உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை) அனுமதியுடன் மட்டுமே வேலைக்குச் செல்லும்" என்ற வரி அச்சாகி இருக்கும். அதை ஐ-9இல் சி பட்டியல் (வேலை அனுமதியை மட்டும் காட்டும்) ஆவணமாகக் காட்ட முடியாது. ஓட்டுநர் உரிமம், எஸ்எஸ்என் இரண்டையும் நீட்டி எச்ஆரிடம் தப்பிக்கலாம் என்று பார்த்தால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

சோஷியல் செக்யூரிட்டி 6.2, மெடிகேர் 1.45 சதவீதம் முதல் சம்பளத்திலிருந்தே பிடிப்பார்கள். எஃப்-1 மாணவருக்கு உள்ள விலக்கு இங்கே இல்லை. அந்த மாணவரின் எஃப்-2 துணைவர் ஏ12இல் வேலை பார்த்தாலும் இல்லை.

8 ஜூன்

நேபாளம். 2015 ஏப்ரல் நிலநடுக்கத்துக்குப் பின் அதே ஆண்டு ஜூன் 24இல் தொடங்கிய டிபிஎஸ்ஸை முடிக்கும் அறிவிப்பு ஜூன் 6 வந்துவிட்டது; ஆகஸ்ட் 5 கடைசி. எச்-4இல் உள்ள நேபாளிகள் சிலர் "நாட்டை விட்டுப் போக வேண்டுமா?" என்று கேட்கிறார்கள். எச்-4 உயிரோடு இருந்தால் வேண்டாம். டிபிஎஸ் முடிந்தால் ஆள் பழைய நிலைக்கு, அது இன்னும் காலாவதி ஆகாமல் இருந்தால், திரும்பிவிடுகிறார். அட்டை மட்டும் செத்துவிடும். ஆகஸ்ட் 6 காலையில் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தால் அதுதான் அனுமதியில்லாத வேலை. அதுவரை செல்லாத உங்கள் நண்பரின் வாதம் அன்றைக்குச் செல்லும்.

இதனால்தான் டிபிஎஸ் இருக்கிறதே என்று எச்-4 நீட்டிப்பைக் கைவிடாதீர்கள் என்று சொல்வது. கைவிட்டவர்களுக்குத் திரும்ப ஒரு நிலை இல்லை. முடிந்த மறுநாளிலிருந்து சட்டவிரோதத் தங்கல் எண்ணப்படும். கணவருக்கு ஐ-140 ஒப்புதல் வந்திருந்தால் இன்றே சி26 போடுங்கள். ஒருவர் இரண்டு பிரிவில் ஈஏடி வைத்திருக்கத் தடையில்லை. அது வந்ததும் ஐ-9இன் பி இணைப்பில் எச்ஆர் புதுப்பித்துக்கொள்ளும்.

சி26க்கும் ஏ12க்கும் உள்ள வேறுபாடு இப்போதுதான் சுடும். சி26 கணவரின் கழுத்தில் தொங்குகிறது. விவாகரத்தோ வேலையிழப்போ வந்தால் அது சரியும். ஏ12 மனைவியின் சொந்தம். பிள்ளைகளுக்குச் சி26 கிடையவே கிடையாது, 17 வயது எச்-4 மகளுக்கு ஏ12 உண்டு. அவளுக்கு 21 ஆகி எச்-4 உதிர்ந்தாலும் டிபிஎஸ் நிற்கும். ஆனால் சி26ஐ முடிக்க விதியை மாற்ற வேண்டும். ஏ12ஐ முடிக்க ஓர் அறிவிப்பு போதும்.

25 ஜூலை

கட்டணம் மாறிவிட்டது. மார்ச் 1 குறிப்பை நம்பிச் செக் எழுதாதீர்கள். ஜூலை 4 கையெழுத்தான எச்.ஆர்.1 சட்டத்தின்படி, 2025 ஜூலை 22 முதல் அனுப்பிய முதல் டிபிஎஸ் விண்ணப்பத்துக்கு 50 அல்ல, 500 டாலர் என்று ஆனது. டிபிஎஸ் ஈஏடிக்கு முதல் தடவை 550, புதுப்பிக்க 275 என்று 2025இல் புதிய கட்டணம் வந்தது. ஏழை என்று காட்டினாலும் இவற்றுக்குத் தள்ளுபடி இல்லை. அட்டையும் ஓராண்டுக்கு மேல் செல்லாது. மொத்தத் தொகையை அனுப்பும் அன்று காலை ஜி-1055 கட்டணப் பட்டியலில் பாருங்கள். ஒரு டாலர் குறைந்தாலும் கட்டு அப்படியே திரும்பி வரும்.

22 ஆகஸ்ட்

நேபாளம், மீண்டும். ஜூலை 31 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ மாவட்ட நீதிமன்றம் டிபிஎஸ் முடிவுறுவதைத் தள்ளிவைத்தது. ஆகஸ்ட் 20 அன்று ஒன்பதாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. மூன்று வாரத்தில், சாகவிருந்த அட்டை பிழைத்து, பிறகு செத்திருக்கிறது. எச்ஆர் செய்தித்தாள் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ்ஸின் அந்தந்த நாட்டு டிபிஎஸ் பக்கத்தைத் தேதியோடு அச்செடுத்துக் கோப்பில் வைக்கட்டும்.

7 செப்டம்பர்

கேட்டவரின் செப்டம்பர் 30 நெருங்குகிறது. கணவரின் எச்-1பி நீட்டிப்பு மனு ஐ-129 கம்பெனி வழியே போகும். மனைவியின் எச்-4 நீட்டிப்புக்கான ஐ-539 தனி. கம்பெனி தானாகவே போடும் என்று நினைத்துவிடாதீர்கள். தாளில் 470 டாலர். ஐ-94 முடியும் முன் யுஎஸ்சிஐஎஸ் கையில் இருக்க வேண்டும். தபாலில் போட்ட தேதி கணக்கில்லை.

ஐ-539இல் ஒரு கேள்வி: கடைசியாக நாட்டுக்குள் வந்ததிலிருந்து அல்லது கடைசி நீட்டிப்பிலிருந்து அமெரிக்காவில் வேலை பார்த்தீர்களா? இந்த இழை முழுவதும் இந்த ஒரு பெட்டிக்காகத்தான். எச்-4 என்றால் "இல்லை" என்று கை தானாகப் போகும். "ஆம்" என்றுதான் போட வேண்டும். இல்லை என்றால் அது பொய். வேலை செய்ததில் வராத ஆபத்து பொய்யில் வரும், டபிள்யூ-2 (ஆண்டுச் சம்பள அறிக்கை) அவர்கள் கண்ணில் படாமல் போகாது.

"ஆம்" என்றால் கூடுதல் தகவல் பக்கத்தில் எழுத வேண்டியவை: முதலாளி பெயர், முகவரி, வாரச் சம்பளம், குறிப்பாக அனுமதி பெற்ற வேலையா என்பது. இப்படி எழுதலாம்: "டிபிஎஸ் பெற்றவர் என்ற முறையில் ஏ12 பிரிவில் பெற்ற வேலை அனுமதியின் கீழ், இன்ன தேதி முதல். ஐஎன்ஏ 244(ஏ)(5), 8 சிஎஃப்ஆர் 214.1(இ) காண்க." இணைப்பு: அட்டையின் இரு பக்கம், டிபிஎஸ் ஒப்புதல், ஜனவரி அறிவிப்பின் அந்தப் பக்கம், முதல் பேஸ்லிப். வேலை தொடங்கிய தேதி அட்டை செல்லும் காலத்துக்குள் விழுகிறது என்பது ஒரே பார்வையில் தெரிய வேண்டும். அதிகாரி தேடும்படி வைத்தால் தேடமாட்டார், ஆர்எஃப்இ (கூடுதல் ஆதாரம் கேட்கும் கடிதம்) அனுப்புவார்.

ஐ-539 நிலுவையில் இருக்கும் மாதங்களில் வேலையை நிறுத்த வேண்டாம். ஏ12க்கு எச்-4 ஐ-94 தேதியோடு சம்பந்தமில்லை.

8 செப்டம்பர்

பயணம் பற்றிக் கேட்டதற்கு இரண்டு வார்த்தை, ஏனெனில் அதிகம் பேர் இங்கேதான் விழுகிறார்கள். எச்-4 விசா பாஸ்போர்ட்டில் இருக்கிறதே என்று டிபிஎஸ் பயண அனுமதி இல்லாமல் வெளியே போனால் எச்-4இல் திரும்பலாம், டிபிஎஸ் கேள்விக்குறி ஆகும். முதலில் ஐ-131 விண்ணப்பம் போட்டு ஐ-512டி என்ற அந்தப் பயண அனுமதியை வாங்குங்கள். திரும்பும்போது விமான நிலைய அதிகாரியிடம் எதை நீட்டுகிறீர்களோ அதில்தான் உள்ளே விடுவார். ஐ-512டி நீட்டினால் டிபிஎஸ்ஸில் நுழைவு, எச்-4 தொடராது. எச்-4 வேண்டுமென்றால் விசாவையும் கணவரின் ஐ-797ஐயும் நீட்டுங்கள், ஐ-512டி பைக்குள் இருக்கட்டும். வீட்டுக்குப் போகும் முன் கைபேசியில் ஐ-94ஐ இறக்கி, வகை எச்4 என்று இருக்கிறதா, தேதி ஐ-797உடன் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

2 நவம்பர்

அக்டோபர் 30 முதல் போடும் ஈஏடி புதுப்பிப்புகளுக்கு 540 நாள் தானியங்கி நீட்டிப்பு ரத்து. சி26காரர்களுக்குப் பெரிய அடி. ஃபெடரல் ரெஜிஸ்டர் அறிவிப்பால் நீட்டப்பட்ட டிபிஎஸ் அட்டைகளுக்கு இது பொருந்தாது, ஆகவே உக்ரைன் அட்டைக்கு 2026 ஏப்ரல் 19 தேதி அப்படியே நிற்கிறது. ஆனால் அதற்குப் பிறகு கையில் அச்சடித்த அட்டை வேண்டும். மார்ச்சில் ஐ-765 போடாமல் விட்டவர்கள் இன்றைக்குப் போடுங்கள்.